பயணிகளைக் காத்து உயிர் துறந்த நீரஜா பனோட்

விமானத்தில் ஏறும் பயணியை வாசலிலேயே கைகூப்பி வரவேற்பவர் விமானப் பணிப்பெண். இருக்கையைக் காட்டுவார். தண்ணீர் கொடுப்பார். சாப்பாடு பரிமாறுவார். அழும் குழந்தைக்குப் பொம்மை கொடுப்பார். இதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் என்று பலர் நினைக்கிறார்கள்.

உண்மை அதுவல்ல. சாப்பாடு பரிமாறுவது அவருடைய இரண்டாவது வேலை. ஆபத்து நேர்ந்தால் பயணிகளை உயிரோடு வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் முதல் வேலை. விமானத்தில் 50 இருக்கைகளுக்கு ஒருவர் வீதமாவது பணியாளர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது காபி கொடுப்பதற்காக அல்ல, கதவைத் திறப்பதற்காக.

இந்த உண்மையைத் தன் உயிரைக் கொடுத்து உலகத்துக்குக் காட்டியவர் நீரஜா பனோட். அப்போது அவருக்கு வயது 22. இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் 23 முடிந்திருக்கும்.

பம்பாயில் வளர்ந்த பெண்

நீரஜா 1963-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சண்டிகாரில் பிறந்தார். தந்தை ஹரிஷ் பனோட் பத்திரிகையாளர். தாயார் ரமா. இரண்டு ஆண் குழந்தைகளுக்குப் பிறகு பிறந்த பெண் என்பதால் வீட்டில் அவர் செல்லக் குழந்தை.

சண்டிகாரில் படிப்பைத் தொடங்கினார். பிறகு குடும்பம் பம்பாய்க்கு (இன்றைய மும்பை) குடிபெயர்ந்தது. பிழைப்புக்காக எத்தனையோ குடும்பங்கள் வந்து சேர்ந்த ஊர் அது. பனோட் குடும்பமும் அப்படி வந்த வடநாட்டுக் குடும்பங்களில் ஒன்று. நீரஜா பாம்பே ஸ்காட்டிஷ் பள்ளியில் படித்தார். புனித சவேரியார் கல்லூரியில் சேர்ந்தார்.

களையான முகம், யாரோடும் சிரித்துப் பேசும் குணம். விளம்பரப் படங்களில் நடிக்கும் வாய்ப்பு தானாகவே தேடி வந்தது. பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் அவருடைய முகம் வரத் தொடங்கியது. மாடல் பெண்ணாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர் பெற்றார்.

முறிந்த மணவாழ்க்கை

1985-ம் ஆண்டு மார்ச் மாதம் நீரஜாவுக்குத் திருமணம் நடந்தது. பெற்றோர் பார்த்து முடித்த சம்பந்தம். மாப்பிள்ளைக்கு வளைகுடா நாட்டில் வேலை. நீரஜாவும் அங்கே போனார்.

அந்த வாழ்க்கை இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. வரதட்சணை நெருக்கடி தலைதூக்கியது. அந்நிய நாட்டில், சொந்தக்காரர் யாரும் இல்லாத இடத்தில், அந்த இளம்பெண் மனம் நொந்தார். பிறகு பம்பாய் திரும்பினார். மீண்டும் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பல பெண்கள் அந்தப் பார்வைக்குப் பயந்தே எல்லாக் கொடுமையையும் பொறுத்துக்கொள்வார்கள். நீரஜா அப்படி ஒடுங்கவில்லை. பெற்றோரும் மகளைக் கைவிடவில்லை. விளம்பர வேலையை மீண்டும் தொடங்கினார். கூடவே ஒரு நிரந்தர வேலையும் தேடினார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி, பிராங்க்பர்ட் - இந்தியா வழியில் பறக்கும் விமானங்களுக்கு இந்தியப் பணியாளர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. பான் ஆம் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அது அன்று உலகப் புகழ் பெற்ற கம்பெனி. ஆயிரக்கணக்கானவர்கள் விண்ணப்பம் போட்டார்கள். தேர்வானவர்களில் நீரஜாவும் ஒருவர்.

மியாமியில் பயிற்சி

பயிற்சிக்காக அவர் அமெரிக்காவில் உள்ள மியாமி நகருக்கு அனுப்பப்பட்டார். விமானப் பணிப்பெண் பயிற்சி என்றால் நடை, உடை, சிரிப்பு என்று எண்ணுவது தவறு. பயிற்சியில் கடினமான பகுதி ஆபத்துக் காலப் பாடம்.

கனமான கதவை இருட்டிலும் திறக்கப் பழக வேண்டும். புகையில் மூச்சை அடக்கிக் குனிந்து போக வேண்டும். தீயணைப்புக் கருவியைக் கையாள வேண்டும். விமானம் தண்ணீரில் இறங்கினால் மிதவையில் பயணிகளை ஏற்ற வேண்டும். மயங்கியவருக்கு முதலுதவி செய்ய வேண்டும். உரத்த குரலில், குறைந்த சொற்களில் உத்தரவு போடக் கற்றுக்கொள்ள வேண்டும். பதறி நிற்கும் கூட்டம் நீண்ட பேச்சைக் கேட்காது. வா, குதி, ஓடு என்பது போன்ற ஒற்றைச் சொல்தான் காதில் ஏறும்.

விமானக் கடத்தலை எப்படிச் சமாளிப்பது என்பதற்கும் நீரஜா தனிப் பயிற்சி பெற்றார். அந்தக் காலத்தில் விமானக் கடத்தல் அடிக்கடி வரும் செய்தி. மகள் இப்படி ஒரு பாடம் படிக்கிறாள் என்று தெரிந்ததும் தாயார் பயந்துபோனார். வேலையே வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். எல்லாத் தாய்மாரும் இப்படித் தடுத்தால் நாட்டின் கதி என்ன ஆவது என்று கேட்டுத் தாயாரின் வாயை அடைத்துவிட்டார் மகள்.

வேலையில் சேர்ந்த சிறிது காலத்திலேயே அவர் பர்சர் ஆனார். பர்சர் என்றால் பயணிகள் பகுதியில் வேலை செய்யும் பணியாளர்களுக்குத் தலைவர். விமானியின் உத்தரவை மற்றவர்களுக்குக் கொண்டு சேர்ப்பவர். விமானி இல்லாதபோது பயணிகளுக்குப் பொறுப்பாளி. அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பது 1986-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி தெரிந்தது.

கராச்சியில் நடந்தது என்ன?

பான் ஆம் 73-வது எண் விமானம் பம்பாயிலிருந்து கராச்சி, பிராங்க்பர்ட் வழியாக நியூயார்க் போக வேண்டும். அது போயிங் 747 ரக ஜம்போ விமானம். விடியற்காலை கராச்சியில் இறங்கியது. கராச்சிப் பயணிகள் இறங்கினார்கள். புதிய பயணிகள் ஏறினார்கள். விமானத்துக்குள் பணியாளர்களையும் சேர்த்துச் சுமார் 380 பேர். பெரும்பாலோர் இந்தியர், பாகிஸ்தானியர், அமெரிக்கர். குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள்.

காலை 6 மணி வாக்கில், விமான நிலையப் பாதுகாப்பு வண்டி போல வேடமிட்ட ஒரு வண்டி விமானத்தின் அருகே வந்து நின்றது. அதிலிருந்து நான்கு பேர் குதித்தார்கள். பாதுகாப்புக் காவலர் உடை. கையில் எந்திரத் துப்பாக்கி, கைத்துப்பாக்கி, கையெறி குண்டுகள். வானத்தை நோக்கிச் சுட்டபடி படிகளில் ஏறி உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் அபு நிடால் என்ற பாலஸ்தீனத் தீவிரவாதக் கோஷ்டியைச் சேர்ந்தவர்கள். விமானத்தை சைப்ரஸ் தீவுக்குக் கொண்டுபோய், சிறையில் உள்ள தங்கள் ஆட்களை விடுவிக்கச் செய்வது அவர்கள் திட்டம்.

ஜம்போ விமானத்தில் விமானி அறை மாடியில் இருக்கிறது. கடத்தல்காரர்கள் அங்கே போய்ச் சேரச் சில வினாடிகள் ஆகும். அந்தச் சில வினாடிகளைத்தான் நீரஜாவும் அவருடைய குழுவினரும் பயன்படுத்திக்கொண்டார்கள். கடத்தல் நடக்கிறது என்ற அபாயச் செய்தி விமானி அறைக்குப் பறந்தது.

விமானி அறையின் கூரையில் ஓர் அவசர வழி உண்டு. விமானி, துணை விமானி, விமான என்ஜினீயர் ஆகிய மூவரும் அதன் வழியே வெளியேறிக் கயிறு பிடித்துத் தரையில் இறங்கிவிட்டார்கள்.

இதைக் கேட்பவர்களுக்கு முதலில் கோபம் வரும். பயணிகளை விட்டுவிட்டு விமானிகள் ஓடலாமா என்று தோன்றும். ஆனால் விமானம் தரையில் நிற்கும்போது அதுதான் அன்றைய பாதுகாப்பு முறை. விமானி இல்லாத விமானம் பறக்காது. பறக்காத விமானத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வானத்தில் வைத்து வெடிக்கச் செய்யவும் முடியாது. கடத்தல்காரர்கள் விமானி அறைக்குள் நுழைந்தபோது அங்கே நாற்காலிகள்தான் இருந்தன. அவர்களுடைய திட்டம் முதல் நிமிடத்திலேயே உடைந்துவிட்டது.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. விமானிகள் போனபின் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு யார் பொறுப்பு? பர்சர்தான் பொறுப்பு. அந்த விநாடியிலிருந்து 22 வயதுப் பெண் ஒருத்தி அந்த விமானத்தின் தலைவியானார்.

மறைந்துபோன பாஸ்போர்ட்டுகள்

விமானிகளைத் திருப்பி அனுப்பும்படி கடத்தல்காரர்கள் வெளியே இருந்த அதிகாரிகளிடம் கேட்டார்கள். அது நடக்கவில்லை. காலை 10 மணி அளவில், அமெரிக்கக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளி இளைஞர் ஒருவரை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். எல்லோரும் பார்க்கச் சுட்டு, உடலை வெளியே தள்ளினார்கள். சொன்னதைச் செய்வோம் என்று காட்டுவதற்காகச் செய்யப்பட்ட கொலை அது.

பிறகு அமெரிக்கர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்க விரும்பினார்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கொடுக்கும்படி பணிப்பெண்களுக்கு உத்தரவிட்டார்கள். எதிர்த்து நின்றால் துப்பாக்கி. கீழ்ப்படிந்தால் பயணிகளின் உயிர் போகும். பணிப்பெண்கள் இரண்டையும் செய்யவில்லை. கீழ்ப்படிவது போல நடித்தார்கள்.

இருக்கை இருக்கையாகப் போய் பாஸ்போர்ட்டுகளை வாங்கினார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் கையில் வந்தபோது அது பைக்குள் போகவில்லை. சில இருக்கைக்கு அடியில் போயின. சில குப்பையோடு குப்பையாக மறைந்தன. துப்பாக்கி ஏந்தியவர்கள் சில அடி தூரத்தில் நின்றுகொண்டிருக்க, முகத்தில் சலனம் இல்லாமல் இதைச் செய்தார்கள். நீரஜாவின் தலைமையில் அந்தக் குழுவே சேர்ந்து செய்த காரியம் இது.

பாஸ்போர்ட்டுகளை அலசிய கடத்தல்காரர்களுக்கு அமெரிக்கர் எவரும் அகப்படவில்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து முன்னால் அழைத்து மண்டியிட வைத்தார்கள். அதிர்ஷ்டவசமாக அவரும் பின்னர் உயிர் தப்பினார். விமானத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இருந்தார்கள். அவர்களில் உயிரிழந்தவர்கள் இருவர்.

நீண்ட பகல்

கடத்தலில் மிக ஆபத்தானது காத்திருக்கும் நேரம். வெயில் ஏற ஏற விமானத்துக்குள் புழுக்கம். குழந்தைகள் அழும். யாராவது ஒருவர் பொறுமை இழந்து எழுந்தால் துப்பாக்கி வெடிக்கும். ஆகையால் பயணிகளை அமைதியாக உட்கார வைப்பது பணியாளரின் முக்கியக் கடமை.

நீரஜாவும் தோழிகளும் சாண்ட்விச் பரிமாறினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். கடத்தல்காரர்களிடம் பணிவாகப் பேசினார்கள். பயணிகளைப் பார்க்கும்போது முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்கள். சாதாரண நாளில் அது வெறும் உபசாரம். அன்று அந்தச் சிரிப்பே பாதுகாப்பு. பணிப்பெண் பயப்படவில்லை என்று கண்டால் பயணியின் பயம் பாதியாகக் குறையும். கடத்தல்காரனின் விரலும் துப்பாக்கி விசையில் கொஞ்சம் தளரும்.

இப்படி ஒரு மணி, இரண்டு மணி அல்ல. பதினாறு மணி நேரத்துக்கும் மேல் கழிந்தது.

விளக்கு அணைந்தது

என்ஜின்கள் ஓடாமல் விமானம் தரையில் நிற்கும்போது, வால் பகுதியில் உள்ள ஒரு சிறிய என்ஜின்தான் விளக்குக்கும் குளிர்ச்சிக்கும் மின்சாரம் தருகிறது. இரவில் அது ஓய்ந்துபோனது. விளக்குகள் மங்கின, பிறகு அணைந்தன.

வெளியே இருந்து ராணுவம் தாக்கப் போகிறது என்று கடத்தல்காரர்கள் நினைத்தார்கள். பயணிகளை நடுப்பகுதியில் நெருக்கி உட்கார வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தை நோக்கி இருட்டில் கண்மூடித்தனமாகச் சுட்டார்கள். கையெறி குண்டுகளை வீசினார்கள். எங்கும் அலறல். எங்கும் ரத்தம்.

அப்போதுதான் பயிற்சி கைகொடுத்தது. கதவுகள் திறந்தன. நீரஜாவும் ஒரு கதவைத் திறந்தார். பயணிகளை வெளியே அனுப்பத் தொடங்கினார்.

விமானக் கதவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஜம்போ விமானத்தின் கதவு தரையிலிருந்து சுமார் 5 மீட்டர் உயரம். அதாவது ஒரு மாடிக்கு மேல். வெறும் கதவைத் திறந்தால் பயணி கீழே விழுந்து கால் உடைப்பார். அதற்காகக் கதவோடு ஒரு சறுக்குமேடை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விமானம் புறப்படுமுன் பணியாளர் ஒரு கம்பியையோ நெம்புகோலையோ மாற்றி அதைத் தயார் நிலையில் வைப்பார். அதன் பிறகு கதவைத் திறந்தால் சறுக்குமேடை தானாகக் காற்று நிரம்பி விரியும். ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் அது தயார் நிலையில் இருக்காது. இருந்தால் படியில் நிற்பவர்கள் மீது விரிந்துவிடும்.

கராச்சியில் விமானம் பிடிபட்டது ஆட்கள் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆகவே எல்லாக் கதவிலும் சறுக்குமேடை விரியவில்லை. பலர் இறக்கையின் மீது ஓடி அங்கிருந்து குதித்தார்கள். சிலருக்கு எலும்பு முறிந்தது. ஆனால் உயிர் பிழைத்தார்கள். சறுக்குமேடை விரிந்த இடத்தில் பயணிகள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் இறங்கி இருட்டில் ஓடினார்கள்.

கதவருகே இருந்த நீரஜா நினைத்திருந்தால் முதல் ஆளாக இறங்கியிருக்கலாம். அவர் இறங்கவில்லை. பணியாளர் கடைசியில்தான் இறங்க வேண்டும் என்பது அவர் படித்த பாடம். குழந்தைகளையும் மற்றவர்களையும் காப்பாற்றி அனுப்பிக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து சாய்ந்தார். குண்டு மழையிலிருந்து குழந்தைகளைக் காத்தவர் என்றே அரசாங்கத்தின் விருதுக் குறிப்பும் அவரைப் போற்றியது.

சுடும் சத்தம் ஓய்ந்ததும், கீழே தப்பி வந்துவிட்ட சக பணியாளர்களில் சிலர் மீண்டும் விமானத்துக்குள் ஏறினார்கள். உள்ளே யாராவது உயிரோடு கிடக்கிறார்களா என்று தேடுவதும் அவர்கள் கற்ற பாடம்தான். ரத்த வெள்ளத்தில் கிடந்த நீரஜாவைக் கண்டார்கள். சறுக்குமேடை வழியாகக் கீழே இறக்கினார்கள். ஆனால் அவரைப் பிழைக்க வைக்க முடியவில்லை.

அன்று சுமார் 20 பேர் உயிரிழந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மற்றவர்கள் வீடு திரும்பினார்கள்.

அசோக சக்கரம்

போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு இந்திய அரசு தரும் மிக உயர்ந்த விருது அசோக சக்கரம். அது நீரஜாவுக்கு வழங்கப்பட்டது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அதுவரை பெற்றவர்களிலேயே வயதில் இளையவரும் அவர்தான். பாகிஸ்தான் அரசும் விருது அளித்து அவரைக் கௌரவித்தது. இரண்டு நாடுகளும் ஒரே பெண்ணுக்கு வணக்கம் செலுத்தியது அபூர்வமான செய்தி. அமெரிக்காவிலிருந்தும் விருதுகள் வந்தன.

2004-ம் ஆண்டு இந்திய தபால் துறை அவருடைய படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. 2016-ம் ஆண்டு அவருடைய கதை நீரஜா என்ற பெயரில் இந்திப் படமாக வந்தது. மும்பை காட்கோபர் கிழக்கில் ஒரு சதுக்கத்துக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. தினமும் அந்த வழியாக ரயிலுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயரின் கதை தெரியும் என்பது வேறு விஷயம்.

பெற்றோர் மகளின் இன்சூரன்ஸ் பணத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பான் ஆம் கம்பெனியும் பணம் போட, நீரஜாவின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இரண்டு விருதுகளை ஏற்படுத்தினார்கள். ஒன்று, கடமைக்கு மேலாகச் செயல்பட்ட விமானப் பணியாளருக்கு. மற்றது, வரதட்சணை போன்ற சமூகக் கொடுமையைத் துணிச்சலோடு எதிர்த்து நின்று, அதே துன்பத்தில் உள்ள மற்றப் பெண்களுக்கும் கை கொடுக்கும் இந்தியப் பெண்ணுக்கு. மகளுடைய வாழ்க்கையில் இருந்த இரண்டு போராட்டங்களையும் பெற்றோர் மறக்கவில்லை.

கடத்தல்காரர்கள் பிடிபட்டார்கள். வெளியே இருந்து உதவிய ஐந்தாவது ஆளும் சிக்கினான். 1988-ல் பாகிஸ்தான் நீதிமன்றம் ஐந்து பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அது பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. கோஷ்டித் தலைவன் பாகிஸ்தான் சிறையிலிருந்து விடுதலையானதும் 2001-ல் அமெரிக்கர்கள் அவனைப் பிடித்துக்கொண்டுபோய் வழக்கு நடத்தினார்கள். 2004-ல் அவனுக்கு 160 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. பான் ஆம் கம்பெனி 1991-ம் ஆண்டு டிசம்பரில் இழுத்து மூடப்பட்டது. நீரஜாவின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தைரியம் எங்கிருந்து வந்தது?

நீரஜாவைத் தெய்வப் பிறவி என்று சொல்லிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அவர் அன்று செய்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். விமானிக்கு முதலில் தகவல் கொடுத்தது பயிற்சி. பயணிகளை உட்கார வைத்து அமைதிப்படுத்தியது பயிற்சி. கதவைத் திறந்தது பயிற்சி. கடைசி ஆளாக நின்றது பயிற்சி. அவருடைய துணிவு எதில் இருக்கிறது என்றால், உயிர் போகும் நேரத்திலும் அந்தப் பாடத்தில் ஒரு வரியைக்கூட அவர் விட்டுவிடவில்லை என்பதில்தான்.

ஆகவேதான் விமானப் பணியாளர்கள் ஒருமுறை கற்றால் போதும் என்று விடப்படுவதில்லை. ஆண்டுதோறும் அதே கதவு, அதே தீ, அதே சறுக்குமேடை என்று திரும்பத் திரும்பப் பழக்கப்படுகிறார்கள். விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பணிப்பெண் மடக்கு இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது விபத்து நேர்ந்தால் எந்தக் கதவு, கதவுக்கு வெளியே தீ இருக்கிறதா, பக்கத்தில் கைக்குழந்தையோடு இருப்பவர் யார், உதவிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கணக்குப் போடுவார்.

விமானப் பாதுகாப்பு முறைகளும் மாறியிருக்கின்றன. 1986-ல் விமானி அறைக் கதவு சாதாரணக் கதவு. 2001-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி அமெரிக்காவில் கடத்தப்பட்ட விமானங்கள் கட்டிடங்கள் மீது மோதவிடப்பட்டன. அதன் பிறகு விமானி அறைக்குக் குண்டு துளைக்காத கதவு வந்தது. பறக்கும்போது அது உள்ளே பூட்டப்பட்டிருக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தாலும் அதைச் சமாளிக்க வேண்டியவர்கள் பணியாளர்கள். நீரஜா ஏற்ற பொறுப்பு அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இன்னும் கூடியிருக்கிறது.

பயணிகள் செய்ய வேண்டியது

ஒரு காலத்தில் விமானம் பணக்காரர் வாகனம். இன்று ஊருக்குப் போகும் தொழிலாளியும் குமாஸ்தாவும் விமானத்தில் ஏறுகிறார்கள். வளைகுடா நாட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிறார்கள். விமானம் புறப்படுமுன் பணிப்பெண் நடுவில் நின்று பெல்ட்டைக் காட்டுவார், கதவுகளைக் காட்டுவார். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதில்லை.

அந்த இரண்டு நிமிடம் கவனித்தால் போதும். தன் இருக்கையிலிருந்து கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். புகையிலோ இருட்டிலோ கண் தெரியாது. வரிசைகளைக் கையால் தடவி எண்ணிக்கொண்டே போகலாம். ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வது, வெளியே தீ இருந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. சாய்வு இருக்கையை நிமிர்த்தச் சொல்வது, பின்னால் இருப்பவர் தடையில்லாமல் வெளியே வருவதற்காக. இரவில் விளக்கை மங்கலாக்குவது, கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பதற்காக. பிராணவாயு முகமூடியை முதலில் தனக்கு மாட்டிக்கொண்டு, பிறகு குழந்தைக்கு மாட்டச் சொல்வது, தாய் மயங்கிவிட்டால் குழந்தையைக் காப்பாற்ற ஆள் இல்லை என்பதற்காக. இதில் ஒன்றுகூட வெறும் சம்பிரதாயம் அல்ல.

வெளியேறச் சொல்லும்போது பெட்டி, பையை எடுக்கக் கூடாது. ஒரு பெரிய விமானம் பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி, 90 வினாடிகளில் காலியாக வேண்டும் என்பது விமானத் தயாரிப்பாளருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. ஒருவர் தன் பெட்டியை இறக்கும் நேரத்தில் அவருக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால், எல்லோரும் இறங்கிய பிறகே இறங்க வேண்டிய பணிப்பெண் நிற்பார்.

அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் காத்திருக்கும் தாய் உண்டு.